வெளிநாட்டு ஊர்வனப் பூங்காவில் தொண்டு: மலையகப் பிள்ளைகள் எங்கே போகலாம்?

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு பாம்பு, ஓணான், முதலை என்று ஆர்வம் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் மலையகத்தில் பெருகி வருகிறார்கள். ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் என்னிடம் வருகிற கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "சேர், வெளிநாட்டில் ஊர்வனப் பூங்கா ஒன்றில் கொஞ்சக் காலம் தொண்டராக இருக்க ஆசை. எங்கே போகலாம்?" ஃபோனில் ஏதாவது ஒரு பூங்காவின் படத்தையும் சேர்த்தே காட்டுவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்திலிருந்து முதல் தடவையாகப் போகிற ஒருவருக்குச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைதான் சரியான இடம். அவுஸ்திரேலியா, தாய்லாந்து, தென்னாபிரிக்கா எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். ஏன் இப்படிச் சொல்கிறேன், எப்போது இந்தப் பதில் மாறும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அங்கே கற்றுக்கொள்வது திரும்பி வந்த பிறகு தோட்டத்தில் யாருக்காவது பயன்பட வேண்டும். நம் மலைகளில் பாம்பு ஒரு பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2016இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. உயரம் கூடக் கூட நாகமும் கண்ணாடி விரியனும் குறைந்துவிடும், உண்மைதான். ஆனால் தேயிலைக்கு அடியில், காய்ந்த சருகுக்குள், மூக்கு மேலே தூக்கிய அந்தச் சின்ன விரியன் கிடக்கிறது. சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். நாட்டிலேயே அதிகம் பேரைக் கடிக்கிற விஷப்பாம்பு அதுதான். பெரும்பாலானோருக்கு வீக்கமும் வலியும் வந்து சில நாளில் சரியாகிவிடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் உறையாமல் போகும், அரிதாக உயிரும் போகும்.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகச் செய்யப்பட்டது அது. குணகட்டுவாவுக்கு வேலை செய்யாது. தேயிலைச் செடியின் மேல் மட்டத்தில் இலையோடு இலையாகச் சுருண்டு கிடந்து கொழுந்து எடுக்கிற கையைக் கடிக்கும் பச்சை விரியனுக்கும் அது மருந்தில்லை. கடித்தது எது என்று அடையாளம் சொல்லக்கூடிய ஒரு ஆள் ஒவ்வொரு டிவிசனிலும் இருந்தால் டாக்டர்மாருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேவையில்லாமல் ஏற்றும் விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை ஒன்று இந்த அறிவோடு திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. இடங்களை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இணையத்தில் முதலில் கண்ணில் படுவது கட்டணத் தொண்டுத் திட்டங்கள். ஆபிரிக்காவிலோ மத்திய அமெரிக்காவிலோ ஒரு பூங்கா, விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போவார்கள், தங்குமிடம், சாப்பாடு, பாம்பு பிடிக்கும் பயிற்சி. வாரத்துக்கு இவ்வளவு டொலர் என்று விலை போட்டிருக்கும். வாரம் 300 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 67 நாள் கொழுந்து. விமான டிக்கட் இதில் சேரவில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்துப் போகிற அளவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் ஐரோப்பிய மாணவர்களின் ஓர் ஆண்டு இடைவெளிக்காகச் செய்யப்பட்ட திட்டங்கள் இவை. கறுப்பு மாம்பா என்ற ஆபிரிக்க விஷப்பாம்பைப் பற்றி நிறையக் கற்கலாம், குணகட்டுவாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொண்டர் மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் படம், வாய் கட்டிய முதலைக் குட்டியைத் தூக்கிப் பிடித்த படம் விளம்பரத்தில் இருந்தால் அந்தப் பூங்காவை அப்படியே விட்டுவிடுங்கள். விலங்கை நன்றாக வைத்திருக்கிற இடத்தில் புதிய தொண்டர் அதைத் தொடவே பல நாள் ஆகும். நம் தென்கரையிலேயே கடலாமைக் குஞ்சுகளைத் தொட்டிகளில் வைத்து வெளிநாட்டவருக்குக் காட்டுகிற பொரிப்பகங்கள் உண்டு. முட்டையிலிருந்து வந்த உடனே கடலுக்குப் போய், கரையை விட்டு வெகுதூரம் நீந்த வேண்டிய குஞ்சு, அந்தத் தெம்பைத் தொட்டியில் செலவழித்துவிடுகிறது. தொண்டர் கட்டணம் வாங்குவதால் ஓரிடம் கெட்டதாகிவிடாது. காட்சிக்காக விலங்கைக் கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள், அது போதும்.

இந்த விளம்பரங்களைப் பிடித்துக்கொண்டு இடையில் நிற்கும் ஏஜென்ட்மாரையும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையனிடம் பூங்காவில் இடம் எடுத்துத் தருவதாக முன்பணம் வாங்கிய ஒருவர், கடைசியில் கையில் கொடுத்தது சாதாரணச் சுற்றுலா விசாவுக்கான விண்ணப்பப் படிவம். தொண்டு வேலைக்கு ஏஜென்ட் வேண்டியதே இல்லை. நேராகப் பூங்காவுக்கே எழுதலாம்.

அப்புறம் அவுஸ்திரேலியா. சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கும் அவுஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவைப் பற்றி நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எரிக் வொரல் என்பவர் தொடங்கிய அந்த இடம், 1950களிலிருந்தே விஷமுறிவு மருந்து செய்பவர்களுக்குப் பாம்பு விஷம் கொடுத்து வந்திருக்கிறது. புனல்வலைச் சிலந்தியின் விஷத்தையும் அங்கேதான் எடுக்கிறார்கள். அந்தச் சிலந்திக்கு 1981இல் மருந்து வந்ததற்குப் பிறகு அதன் கடியால் சாவு பதிவாகவில்லை. பொதுமக்களே சிலந்தியைப் போத்தலில் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஏங்க வைக்கிற இடம்.

ஆனால் அங்கே தொண்டராகப் போவது வேறு கதை. பார்வையாளர் விசாவில் வேலை செய்யக்கூடாது என்பது நிபந்தனை. தொண்டு வேலைக்கு ஓரளவு இடம் இருந்தாலும், பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும், அந்த வேலை சம்பளத்துக்கு ஒருவர் செய்யக்கூடிய வேலையாக இருக்கக்கூடாது. "பூங்காவில் தொண்டு செய்யத்தான் போகிறேன்" என்று எழுதினால் விசா நோக்கமே இடிக்கும். அதை மறைத்துவிட்டுப் போகவும் கூடாது. ஆகவே அவுஸ்திரேலியாவை நான் தொண்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் படிப்புப் பட்டியலில் வைக்கிறேன். வனவிலங்குப் பராமரிப்புக்கென்றே அங்கே மூன்றாம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர் வேலைக்கு அந்தத் தகுதியைத்தான் கேட்பார்கள். மெல்பனிலோ சிட்னியிலோ நெருங்கிய உறவு இருந்து, மாணவர் விசாவுக்குக் காசும் இருந்தால் அந்த வழி நல்ல வழி.

தாய்லாந்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பாங்கொக்கில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சவோபா ராணி நினைவு நிலையத்தில் 1923இலிருந்து பாம்புப் பண்ணை நடக்கிறது. விஷம் எடுப்பதைக் கண்ணெதிரே காட்டி விளக்குகிறார்கள், போனால் கட்டாயம் பாருங்கள். தாய்லாந்துச் சட்டத்தில் சம்பளமில்லாத தொண்டும் வேலைதான், அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றுலா போன இடத்தில் கையில் வாளியை எடுத்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

வடநெம்மேலிக்கு வருவோம். ரொமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் அவர்களுடைய நண்பர்களும் 1976இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கிய பண்ணை இது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மாமல்லபுரம் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும். அந்தக் காலத்தில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிந்துபோகும் நிலையில் இருந்தன. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். அவற்றை வளர்த்துப் பெருக்கத் தொடங்கிய பண்ணை இன்று உலகின் பல முதலை இனங்களையும் ஆமைகளையும் பாம்புகளையும் பல்லிகளையும் வைத்திருக்கிறது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு தொண்டர்களைச் சேர்த்துக்கொள்ளும் நடைமுறை நெடுங்காலமாக அங்கே உண்டு.

வேலை என்ன? குளத்தைக் கழுவுவது, சருகு கூட்டுவது, மீனும் இறைச்சியும் வெட்டிப் பங்கு பிரிப்பது, ஆமைக் கூடுகளைச் சுத்தம் செய்வது, வேலிக்கு வண்ணம் அடிப்பது. பெரிய முதலைகளின் பக்கம் உங்களை விடமாட்டார்கள், விடவும் கூடாது. முதல் வாரம் சலிப்பாகக்கூட இருக்கும். இந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் ஒரு விலங்கு நன்றாக இருக்கிறதா, தின்னாமல் இருக்கிறதா, தோல் உரிக்கத் தயாராகிறதா என்று பார்க்கும் கண் வரும். அதைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியாது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் அங்கே கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ்க் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள். ஜேர்மனியிலிருந்து வந்த தொண்டர் அவர்களோடு பேச முடியாது. நீங்கள் பேசலாம். "இது ஏன் வாயைத் திறந்துகொண்டே கிடக்கிறது?" என்று ஒரு பாட்டி கேட்டால் பதில் சொல்லலாம், உடம்புச் சூட்டைச் சரிசெய்யத்தான் என்று. பயந்து நிற்கிற ஒரு கூட்டத்துக்கு ஊர்வனவற்றைப் பற்றி நல்ல தமிழில் எளிமையாகச் சொல்லப் பழகினால், அதே பேச்சை லயத்து வாசலிலும் தோட்டப் பாடசாலையிலும் பேசலாம். மற்ற எந்த நாட்டிலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. வடநெம்மேலியை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இருளர்கள், பாம்பு பிடிப்பதில் பேர்பெற்ற தமிழ்நாட்டுப் பழங்குடியினர். பண்ணை வளாகத்துக்குள்ளேயே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் தவித்துப் போயின. தோலுக்காகப் பிடித்த அதே கைகள் பின்னர் விஷத்துக்காகப் பிடித்தன. உரிமத்தோடு பாம்பைப் பிடித்து, மண்பானையில் வைத்துப் பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்களுக்கு இடையிடையே விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷம் எடுப்பதைப் பார்வையாளர்களுக்கும் காட்டுகிறார்கள். இந்திய விஷமுறிவு மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தின் பெரும் பகுதி நீண்ட காலமாக இங்கிருந்துதான் போயிருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் நம் ஆட்களுக்கு ஏற்றும் போத்தலின் தொடக்கம் அந்த மண்பானை என்று அறிந்துகொண்டு அங்கே நின்று பாருங்கள், மனம் நிறைந்துவிடும்.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகி உள்நாட்டு விலங்குகளை அழித்துக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடிப்பதற்காக. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெரிய பட்டம் எதுவும் இல்லாத உழைப்பாளிகள், காட்டைப் படித்த அறிவுக்காக உலகம் தேடி வந்தது. இதை நான் மலையகப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். உங்கள் அப்பாவுக்கும் பாட்டிக்கும் மலையில் எங்கே எது கிடக்கும் என்று தெரிந்திருக்கிறதே, அதுவும் அறிவுதான். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

செலவையும் பார்த்துவிடலாம். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்தும் விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது, பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் அதை நம்ப வேண்டாம். சாப்பாடு பிரச்சினை இல்லை, மொழி பிரச்சினை இல்லை. இந்தியச் சுற்றுலா ஈ-விசாவில், எந்தப் பணமும் வாங்காமல் ஒரு மாதத்துக்கு உட்பட்ட தொண்டு வேலை செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருக்கவோ ஆய்வு செய்யவோ வேறு விசா வேண்டும். சந்தேகம் இருந்தால் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் நேரே கேட்டுவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

குறையும் உண்டு. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்புக்குச் சென்னைக் கடற்கரை வெயில் கடுமையானது. மே, ஜூன் மாதங்களில் போகவே போகாதீர்கள். மேலும் வடநெம்மேலி கடற்கரை மணல் நிலம், நம் மலைக்காடு இல்லை. மலைக்காட்டில் வாழும் பாம்பினங்களை அவற்றின் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு இடம் இருக்கிறது.

அது கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆகும்பே மழைக்காடு ஆராய்ச்சி நிலையம். இதையும் ரொமுலஸ் விட்டேக்கர்தான் 2005இல் அமைத்தார். ராஜநாகத்தின் உடலுக்குள் சிறிய வானொலிக் கருவி வைத்து அதன் போக்குவரத்தைப் பின்தொடரும் ஆய்வு 2008இல் இங்கே தொடங்கியது. ராஜநாகம் நம் நாட்டில் இல்லை. ஆனால் நம் குணகட்டுவா மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது! ஆண்டுக்கு 7,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் என்பதால் மழையும் அட்டையும் நோர்வூட்டுக்காரருக்குப் புதிதாக இருக்காது. நான் ஏன் இதை முதலில் வைக்கவில்லை? கன்னடப் பகுதி, தனித்த இடம், காட்டில் நடந்து பழகியவர்களுக்கும் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் அங்கே முழுப்பயன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிற பிள்ளை என்றால், வடநெம்மேலியை விட்டு நேரே இங்கே போவதையே நான் சொல்வேன்.

சரி, இப்போதைக்கு எங்கேயும் போக வசதியில்லை என்றால்? ஊரில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, வெளியே போகிறவரும் அதைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் மண் கொத்தும்போது வெளிவரும் சின்னக் கரும்பழுப்புப் பாம்பை விரியன் என்று நினைத்து மண்வெட்டியால் வெட்டுகிறார்கள். அது மண்புழு தின்கிற, விஷமே இல்லாத, இலங்கையில் மட்டும் வாழ்கிற பாம்பு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் இருக்கிறது, நக்கிள்ஸில் மூக்கில் இலை ஒட்டியது மாதிரி இன்னொன்று. ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தைக்காக இவற்றைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்பதால் 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) மாநாட்டில் நம் கொம்பு ஓணான்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிடிக்காமல், தொடாமல், தூரத்திலிருந்து படம் எடுத்து இடமும் திகதியும் எழுதி வையுங்கள். பிடிப்பது சட்டப்படியும் குற்றம். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பாம்புக்கடி ஆராய்ச்சி நடக்கிறது. கொஸ்தா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிலையத்தோடு சேர்ந்து, குணகட்டுவாவையும் உள்ளடக்கிய ஒரு விஷமுறிவு மருந்தை உருவாக்கும் முயற்சி அங்கேதான் நடந்தது. அவர்கள் நடத்தும் பொது விரிவுரைகள் இருந்தால் தவறவிடாதீர்கள், ஹட்டனிலிருந்து ரயிலில் போய் வரலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது வேறு: "பாம்புப் பண்ணைக்கா அனுப்பச் சொல்றீங்க?" அவர்களுக்கு நான் சொல்வது, வடநெம்மேலியைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெண், அதை நெடுங்காலம் நிர்வகித்தவரும் அவரே. தங்குமிடம் வளாகத்துக்குள் எங்கே, இரவில் யார் பொறுப்பு என்று பெற்றோரே எழுதிக் கேட்கட்டும். நல்ல நிறுவனம் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

போக முடிவு செய்தவர்கள் பண்ணைக்கு எழுதும் கடிதத்தில் "எனக்குப் பாம்பு என்றால் உயிர்" என்று எழுத வேண்டாம், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எந்தத் தோட்டம், எத்தனை இனங்களைப் பார்த்துக் குறித்திருக்கிறீர்கள், தமிழில் பார்வையாளரிடம் பேச முடியும், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். கூடவே நீங்களும் கேளுங்கள்: தங்குமிடமும் சாப்பாடும் எவ்வளவு, தொண்டர்கள் எந்த விலங்கைக் கையாளுவார்கள், விபத்து நடந்தால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா. பயணக் காப்புறுதி எடுக்கும்போது விலங்குகளோடு வேலை செய்வதை அது ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. ஏற்புவலி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும், ஆகவே கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது.

காலம் ஜனவரி, பெப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை என்ற கடலாமைகள் முட்டையிட வருவதும் அப்போதுதான். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988இலிருந்து இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள், பொதுமக்களும் சேர்ந்து நடக்கும் இரவுகள் உண்டு. பண்ணை வேலைக்கு இடையில் ஓர் இரவு அங்கேயும் போய் வரலாம். ஜனவரிக்குப் போக வேண்டுமென்றால் கடிதத்தை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதற்கும் முன்னால் தொடங்க வேண்டும்.